ம் சொல்ல ஒரு ஆள்

எனக்குப் பேச வராது. வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு திருச்சுழியில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பஞ்சர் ஒட்டுகிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. வந்தவர்கள் அவர்கள் பாட்டுக்குப் பேசுவார்கள். நான் டியூபைத் தண்ணீரில் முக்கியபடி "ம்" என்பேன். அது ஒன்று மட்டும் எனக்கு நன்றாக வரும்.

அந்த "ம்"முக்காகவே ஒருவர் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பதை நெருங்கும் வயது.

அவர் மதுரையில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, எப்போதும் தாகமாக இருப்பவர் போல இருப்பார். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கி, எங்கள் கடையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு நரிக்குடிப் பக்கம் ஊர் ஊராகப் போவார். ஜனங்கள் இல்லாமல் போன ஊர்களைப் பற்றி அவருடைய ஆராய்ச்சி. எங்கள் பக்கம் அப்படி ஊர்கள் உண்டு. ஊருணி வற்றும், கிணறு உப்பாகும், ஒவ்வொரு வீடாகக் கிளம்பும். கடைசியில் சீமைக்கருவேலம் தெருவுக்குள் நடந்து வந்து வீட்டு வாசலில் நிற்கும்.

எங்கே புறப்படுகிறார் என்று கேட்டால் "ஃபீல்டுக்கு" என்பார். கடை முதலாளி சிரிப்பார். "இவருக்கு நெலம் எங்கப்பா இருக்கு?" என்று என்னிடம் கேட்பார். நானும் ஒருநாள் துணிந்து, "நானும் ஃபீல்டுதானா சார்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "ஆமாண்ணா, இப்போதைக்கு நானும்தான்" என்றார்.

அவருக்கு அந்த வருஷத்தோடு உதவித்தொகை நின்றுவிடும் என்பதும், கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதும், ஊரிலிருந்து அவர் அம்மா எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்கு மேலே ஒரு பேராசிரியர் இருந்தார். கைடு என்பார். இவர் எழுதிக்கொண்டு போனதை எல்லாம் அவர் திருப்பித் தந்துவிடுவாராம். "இதுல நீதான் பேசுற. ஊரைவிட்டு வந்தவங்க ஒருத்தரும் பேசலையே" என்பாராம்.

அதுவும் உண்மைதான். இவர் போகிற இடத்தில் ஜனங்கள் பேசவில்லை. முதலில் இவரை லோனு ஆபீஸர் என்று நினைத்தார்கள். லோனில் வாங்கிய ஆடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று, இவர் வாய் திறக்கும் முன்பே, "ஆடு மேயப் போயிருக்கு சார்" என்றார்கள். அது விளங்கிய பிறகும் பேச்சு நீளவில்லை. இவர் ஒரு டேப் ரிக்கார்டரை முன்னால் வைத்துவிட்டு, கேட்கிறவர் குரல் பதிவில் குறுக்கிடக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்திருந்தபடி வாயை மூடிக்கொண்டு உட்காருவார். சொல்கிறவர் நாலு வார்த்தை சொல்லி இவர் முகத்தைப் பார்ப்பார். இன்னும் இரண்டு வார்த்தை. பிறகு, "அம்புட்டுதான் சார்" என்று எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் வழியில் அவருடைய சைக்கிள் செயின் அறுந்து, ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஒரு வேப்பமரத்தடியில் நான் செயினைக் கோத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் என் வழக்கப்படி "ம்" என்றேன். கிழவர் நிறுத்தவே இல்லை. கேசட் தீர்ந்து மறுபக்கம் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. அறையில் போய்க் கேட்டுப் பார்த்த ஆராய்ச்சிக்காரர், மற்ற கேசட்டுகளில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் முதலாளியிடம் வந்து என்னைக் கேட்டார்.

"நான் என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்ணா. டியூப் பார்க்கறப்ப சொல்ற மாதிரி சொன்னா போதும்."

"சம்பளத்துக்கு ம் கொட்டுற ஆளு இவன் ஒருத்தன்தாம்ப்பா" என்று முதலாளி ஊர் முழுக்கச் சொன்னார். என்னைப் பார்த்தாலே ஆட்கள் "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் உள்ளுக்குள் பிடித்திருந்தது.

அந்த ஆட்டுக்காரக் கிழவர்தான் பிறகு ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உருமத்தில், அதாவது உச்சி வெயில் இறங்காத நேரத்தில், ஆள் இல்லாத இடத்தில் உட்கார்ந்து கதை பேசக் கூடாதாம். பேசினாலும் "ம்" சொல்ல ஒரு ஆள் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். "நீ விட்டீன்னா வேற எதாச்சும் சொல்லும்ப்பா" என்றார். எங்கள் பக்கம் உருமத்தில் வாசலில் யாராவது ஒருதரம் கூப்பிட்டால் வீட்டுக்குள் இருந்து குரல் கொடுக்க மாட்டார்கள். மறுபடி கூப்பிடட்டும் என்று இருப்பார்கள். அந்தச் சங்கதி போலத்தான் இதுவும் என்று எடுத்துக்கொண்டேன். ஆராய்ச்சிக்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

இப்படி அலைந்தபோது ஒரு ஊரைப் பற்றிப் பலரும் பேசினார்கள். பேர் வேண்டாம். நரிக்குடிக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து கரிசல்காட்டு வழியாக உள்ளே போக வேண்டும். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே மிச்சமிருந்த வீடுகள் எல்லாம் ஒரே நாளில் வண்டி கட்டிக் கிளம்பிவிட்டன. கடைசியாகக் கிளம்பிய வீட்டில் ஒரு அம்மா. இப்போது பக்கத்து ஊரில் அவர் கணவருடைய அண்ணன் வீட்டை ஒட்டி, மகளோடு இருந்தார். கைடு அந்தம்மாவிடம் பேசாமல் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

நாங்கள் போனபோது அவர் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. ஆராய்ச்சிக்காரர் வழக்கமாகக் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்றைக் கேட்டார்.

"வீட்டுக்காரர் இருக்காருங்களாம்மா?"

முறம் நின்றது. "அதத்தான் சார் நானும் தெரிஞ்சுக்கணும்" என்றார் அந்தம்மா.

உள்ளேயிருந்து கணவரின் அண்ணன் வந்தார். வயதானவர், நல்ல மனிதர். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். ஊரைவிட்டு வந்த அன்று, பாதி வழியில் தம்பி வண்டியை விட்டு இறங்கி, வீட்டில் விட்டுவந்த உரலை உருட்டி வருவதாகத் திரும்பிப் போனார். அதன் பிறகு வரவில்லை. கிணறு, கண்மாய், காடு எல்லாம் தேடிவிட்டார்கள். மதுரை, திருப்பூர் என்று எங்கெங்கோ விசாரித்துவிட்டார்கள். இப்போது மகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. பத்திரிகை அடிக்க வேண்டும். பெண்ணுக்கு அப்பா இருக்கிறாரா இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். வருகிற அமாவாசையில் வைக்கோலில் ஒரு உருவம் செய்து எரித்து, கருமாதியை முடித்து, இந்தம்மா தாலியைக் கழற்றிவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும். இவர்தான் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.

"போறேன்னு சொல்லலை சார்" என்றார் அந்தம்மா. "நீங்க முன்னால போங்க, நான் வாரேன்னுதான் சொன்னாக."

"எல்லாரும் அப்படித்தானத்தா சொல்லுவாக" என்றார் அண்ணன், மெதுவாக.

அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு இல்லை. நாங்கள் கிளம்பும்போது அந்தம்மா பின்னாலேயே வந்தார். அந்த நாளைப் பற்றி முழுக்கச் சொல்வதாகவும், ஆனால் இங்கே வைத்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். "இங்க சொன்னா இவுகதான் கேப்பாக. எங்க சொன்னா அவுக கேப்பாகளோ, அங்க வந்து சொல்றேன். கேட்டும் அவுக சும்மா இருந்தா, அமாவாசைக்கு நானே கழத்திருறேன்."

அண்ணன் அதற்கு ஒத்துக்கொண்டார். போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், மனசு அடங்கும் என்றார்.

குறித்த நாளில் பஸ்ஸு தாமதமாகிவிட்டது. ரோட்டில் இறங்கி நடந்து நாங்கள் அந்த ஊருக்குள் நுழைந்தபோது சரியான உருமம். நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொண்டது. காக்கை கூட இல்லை. கருவேல முள்ளை விலக்கிக்கொண்டு அந்தம்மா முன்னால் போனார், நேற்றுத்தான் அங்கிருந்து வந்தவர் போல. ஒரு இடத்தில் நின்று, யாருக்கோ வழிவிடுகிறவர் மாதிரி ஓரமாக ஒதுங்கி நடந்தார். நானும் ஆராய்ச்சிக்காரரும் அதே இடத்தில் எதற்கென்று தெரியாமல் ஒதுங்கி நடந்தோம்.

வீட்டுக்குக் கூரை இல்லை. மண்சுவர் பாதிக்குமேல் கரைந்திருந்தது. முன்பகுதியும் அதற்குப் பின்னால் இருட்டாக ஒரு உள்ளறையும் இருந்தன. அந்த அறைக்கு மட்டும் மேலே பழைய ஓலை கொஞ்சம் மிச்சம் இருந்தது. முன்பகுதி மூலையில் உரல், தரையில் அதற்கென்று தோண்டிய குழியில் பதிந்து நிமிர்ந்து இருந்தது. வீடு முழுக்கக் கருவேலஞ் சருகு. உரலின் வாய்க்குள் மட்டும் ஒரு சருகு கூட இல்லை. அந்தம்மா உரலைத் தொட்டுப் பார்த்தார். உள்ளறைக்கு எதிராக உட்கார்ந்தார். ஆராய்ச்சிக்காரர் டேப் ரிக்கார்டரை வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். ஊருணி எப்படி வற்றியது, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள், கிளம்புகிற அன்று அடுப்பை அணைக்கத் தன் கை வராமல் கணவர்தான் அணைத்தார் என்பது வரைக்கும். நான் "ம்" சொல்லிக்கொண்டு வந்தேன். என் "ம்" அந்தச் சுவர்களுக்குள் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. வண்டியில் உரலுக்கு இடம் இல்லை என்று அண்ணன் சொன்னதைச் சொன்னார். "ம்." பாதி வழி வந்ததும் கணவர் முகம் ஒரு மாதிரி ஆனதைச் சொன்னார். "ம்."

"வண்டிய நிப்பாட்டச் சொன்னாக. எறங்குனாக. துண்ட ஒதறித் தோள்ல போட்டாக" என்று சொல்லி வந்தவர், அடுத்த வார்த்தையில் மாறினார்.

"நான் வேணாம்னு சொன்னேன். நீங்க கேக்கலை. உரல விட்டுட்டு வந்தா வீடு நம்மள விடாதுன்னு சொன்னீக. நடந்து போறப்ப ஒருதரம் திரும்பிப் பாத்தீக."

அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காரரிடமும் சொல்லவில்லை. உள்ளறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு "ம்" வரவில்லை. என்னிடம் சொல்லாத சொல்லுக்கு நான் எப்படி "ம்" சொல்வது?

"பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கு" என்றார் அந்தம்மா. "ஒங்க பேரப் பத்திரிகையில எப்படிப் போட? இருக்கீகன்னு போடவா?"

நிறுத்தினார். அடுத்து ஏதோ சொல்ல வாய் திறந்திருந்தது. ரிக்கார்டரின் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"ம்."

தணிந்த, நீளமான ஒரு "ம்". படுத்துக்கொண்டு கேட்கிறவர், கண்ணைத் திறக்காமல் சொல்வது போல.

அந்தம்மா வாயை மூடிக்கொண்டார். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி எழுந்தார். முகத்தில் அழுகையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த முகம். "போவோமா தம்பி" என்றார்.

திரும்பும் வழியில் அவர் முன்னால் போனார். ரோடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஆராய்ச்சிக்காரர் என் பக்கம் சாய்ந்து, "கடைசியில கொஞ்சம் இழுத்துச் சொல்லிட்டீங்கண்ணா" என்றார்.

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் நின்றுவிட்டார். "அப்ப?" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

மறுநாள் அவர் கடைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. கேசட்டை ஒவ்வொரு வார்த்தையாகத் தாளில் எழுதுவது அவர் வேலை. ஒவ்வொரு குரலுக்கும் யாருடையது என்று ஒரு எழுத்துப் போட வேண்டும். எனக்கு ஒரு எழுத்து, அந்தம்மாவுக்கு ஒரு எழுத்து. "இதுக்கு என்னண்ணா போடறது?" என்று கேட்டார். நான் ரிம்மைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் எங்கள் இருவரையும் வரச்சொல்லி ஆள் வந்தது. அண்ணன் வீட்டு முன்னால் புளியமரத்தடியில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். அந்தம்மா, "அவுக சொல்லிட்டாக, நான் கழத்த மாட்டேன்" என்று ஒரே பேச்சில் இருந்தார். அண்ணனுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெண்பிள்ளைக்கு ஆசை காட்டிவிட்டோம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா, நீதான ம் கொட்டப் போன ஆளு. அந்த ம் ஒன்னோடதுதான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அத்தனை பேர் முன்னால் என்ன கேட்டாலும் என் தொண்டையிலிருந்து வருவது அந்த ஒரு சத்தம்தான். அது அங்கே வந்து நின்றுகொண்டிருந்தது. அதை விட்டால் ஆமாம் என்று ஆகிவிடும். அடுத்த நாள் வைக்கோல் எரியும். அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. கைவிரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லலைங்கய்யா. எனக்கு அப்ப வாய் வரலை."

அண்ணன் ஆராய்ச்சிக்காரரைப் பார்த்தார். "சார், நீங்க படிச்சவுக. நாந்தான் சொன்னேன்னு சொல்லிருங்க. ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கணும்."

அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். அவருடைய தாளிலும் அந்த இடம் நிரம்பியிருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் இல்லைங்க" என்றார். பையிலிருந்து ரிக்கார்டரை எடுத்தார்.

பேட்டரி தீர்ந்துபோய், காலையிலிருந்து கடை வாசலில் வெயிலில் காயவைத்து எடுத்துவந்த பேட்டரி அது. அதனால் குரல்கள் எல்லாம் கொஞ்சம் இழுத்து, கனமாகக் கேட்டன. அந்தம்மாவின் குரலும் சற்று ஆண் குரல் போல ஒலித்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. சக்கரத்தின் சத்தம் வந்தது. பிறகு அது.

அண்ணன் குனிந்து ரிக்கார்டர் மேல் கையை வைத்தார், மாட்டின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பது போல. மறுபடி போடவா என்று ஆராய்ச்சிக்காரர் கேட்டார். அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"உரல் எங்கத்தா கெடக்கு?" என்றார் அந்தம்மாவிடம்.

"அது எடத்துலதான் இருக்கு."

"குழியிலயா?"

"குழியிலதான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் சொன்னார்: "அன்னிக்குத் தேடிப் போனப்ப தெரு முக்குல உருண்டு கெடந்துச்சு. நாந்தான் பாத்தேன். அத அப்படியே விட்டுட்டு வந்துட்டோம்." அங்கே கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர்கள் யாராவது தூக்கி வைத்திருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். எதற்காக வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பத்திரிகையில அவன் பேரு சாதாரணமாவே இருக்கட்டும்" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் சொன்னார்.

எங்கள் கடைக்கும் பத்திரிகை வந்தது. பெண்ணின் தகப்பனார் பேருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடவில்லை. கல்யாணத்தில் அந்தம்மா பூ வைத்து, பட்டுக் கட்டி முன்னால் நின்றார். பந்தியில் ஒரு இலை ஆள் இல்லாமல் பரிமாறப்பட்டிருந்தது. அதன் முன்னால் யாரும் உட்காரவும் இல்லை, அதை எடுக்கவும் இல்லை.

ஆராய்ச்சிக்காரருக்குப் பட்டம் கிடைக்க இன்னும் வெகுநாள் ஆயிற்று. அந்தம்மா சொன்னதை எழுதிக் காட்டியபோது, கைடு அந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க யாருன்னு போடலையே" என்று கேட்டாராம். இவரால் எதையும் போட முடியவில்லை. யாரையாவது போடு என்றாராம் கைடு. அதற்கு மனசு வராமல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு, வேறு ஊர்களை வைத்து எழுதி முடித்தார். வடக்கே வேலைக்குப் போகும் முன் ஒருநாள் வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கேசட்டை அந்தம்மாவிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

"இது எனக்கு எதுக்கு சார்? நான்தான் அங்க போய்ட்டு வாரேனே."

அவர் சொன்னது அன்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. அடுத்த வருஷம் கோடையில், நரிக்குடியில் ஒருவருக்கு சைக்கிளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு இன்னொன்றில் திரும்பிக்கொண்டிருந்தேன். குறுக்குவழி என்று கரிசல்காட்டுக்குள் இறங்கிவிட்டேன். உருமம். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது. அந்தம்மாவின் குரல்தான். மகள் உண்டாகியிருப்பதையும், மருமகனுக்கு அருப்புக்கோட்டையில் வேலை கிடைத்திருப்பதையும், அண்ணனுக்கு முழங்கால் வலி என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் சொல்வார், நிறுத்துவார். பிறகு, பதில் கிடைத்தவர் போல, மேலே சொல்வார்.

அவர் நிறுத்துகிற இடம் ஒவ்வொன்றும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் தொண்டை தானாகத் தயாரானது. அவர் அடுத்த முறை நிறுத்துவதற்குள் அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று, உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தேன்.